எட்டு ஜிபி போதும்

கம்ப்யூட்டர் கடைக்குப் போகவேண்டிய அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மிக மரியாதையாக நடந்துகொண்டோம். என் கணவர் என் மகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் தேங்க்ஸ் என்றாள். பரவாயில்லம்மா என்றார் அவர். சொந்த வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் எனக்கு மூச்சு முட்டிவிடும் என்று தோன்றியது.

அவர் என் இரண்டாவது கணவர். கல்யாணமாகி அரை வருடம்தான் ஆகிறது. மகள் முதல் கல்யாணத்தில் பிறந்தவள். பிறந்தபோது கறுத்து உருண்டு, தொட்டால் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். அதனால் அவள் அப்பா வைத்த செல்லப் பெயர் மிளகு. அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பெயர் நிலைத்துவிட்டது, காரமும் நிலைத்துவிட்டது. இந்த வருடம் பள்ளிக்கூடம் முடித்தாள். இனிக் கல்லூரி.

இந்த இடத்தில்தான் என் அக்கா நுழைந்தாள். அக்காவுக்கு வேறு ஊர், பெரிய வீடு, பிள்ளைகள் கிடையாது. "நீ இப்பத்தான் புதுசா குடும்பம் ஆரம்பிச்சிருக்கே. நடுவுல வயசுப் பொண்ணு எதுக்குடி? எங்கிட்ட அனுப்பு, நான் படிக்க வைக்கறேன்" என்று போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரோடு வருவதாகவும், மிளகு சரி என்றால் அப்போதே கூட்டிக்கொண்டு போவதாகவும் ஏற்பாடு. மிளகிடம் சொன்னோம். உன் இஷ்டம்மா என்றார் அவர். உன் இஷ்டம்டி என்றேன் நானும். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக இரண்டு பேருக்கும் நினைப்பு. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் வாங்கும் யோசனை என் கணவருடையது. அவருக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தொழில். ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த படங்களை வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து, ஆறு மணி நேரத்துக் கூட்டத்தை இரண்டு மணி நேரமாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் பாதி வேலையில் அப்படியே நின்றுவிடும். நிற்காத நேரத்தில் மிக்ஸி மாதிரி கத்தும். மிளகுக்கோ கேம் பைத்தியம். சிநேகிதி வீட்டில் போய் விளையாடிவிட்டு வருவாள். மற்றப் பெண்கள் சீரியல் பார்ப்பதுபோல் இவள் கம்ப்யூட்டர் பாகங்களைப் பிரித்துச் சேர்க்கும் வீடியோக்களைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், அதையும் ரெடிமேடாக வாங்காமல் பாகங்களாக வாங்கி நாமே வீட்டில் பூட்டலாம், என்னென்ன பாகம் என்று நீயே தேர்ந்தெடு என்று அவர் அவளிடம் சொன்னார். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். கேமில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பெரியது, இருப்பதிலேயே பெரியதற்கு அடுத்தது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸர் சுமாரானது. மெமரி எட்டு ஜிபி போதும். ஒவ்வொன்றுக்கும் அவர் "சரிம்மா" என்றார். எட்டு ஜிபி என்றபோது மட்டும் அவருடைய புருவம் லேசாக ஏறி இறங்கியது. "சரிம்மா, நல்லதுதான்" என்றார், கொஞ்சம் கூடுதல் உற்சாகத்தோடு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடைசி வரி எழுத்து தெரியாமலே பளிச்சென்று தெரிகிறது என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறவள். புருவம் ஏறும், குரலில் உற்சாகம் கூடும். எனக்கு அது போதும்.

அதனால்தான் சனிக்கிழமை காலையில் அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், எட்டு ஜிபி உங்கள் வேலைக்குப் பத்துமா என்று கேட்டேன்.

பத்தாதுதான் என்று ஒத்துக்கொண்டார். எனக்குப் புரிவதற்காக அடுப்பு மேடையைத் தட்டிக் காட்டினார். மெமரி என்பது இந்த மேடை மாதிரியாம். மேடை சின்னதாக இருந்தால் ஒரு பாத்திரத்தைக் கீழே இறக்கினால்தான் அடுத்ததை வைக்க முடியும். கல்யாண வீடியோ என்பது ஒரே நேரத்தில் இருபது பாத்திரம். மேடை பத்தாவிட்டால் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே இதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

"அப்ப அதை அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு உங்க அக்கா வர்றாங்க. இன்னிக்குப் போய் நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லணுமா? அதுக்காகவே அவ கிளம்பிட்டான்னா?"

என் பயமும் அதுதானே.

கடை ஒரு கட்டிடத்தின் மாடியில் இருந்தது. குறுகலான படி, மேலே தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள், நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து. கடைக்காரருடைய கண்ணாடி மூக்கின் நுனிக்குச் சரிந்து தொங்கியது. ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் சரியாகிவிடும். என் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

எதற்கு உபயோகம் என்று கடைக்காரர் கேட்டார். எடிட்டிங், கேமிங் இரண்டுக்கும் என்றார் என் கணவர். மிளகு பாகங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே பெட்டிகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். மெமரிக்கு வந்ததும் கை நின்றது.

"எட்டு ஜிபியா? எடிட்டிங்னு சொன்னீங்களே சார்."

"பாப்பா சொல்றதையே போடுங்க" என்றார் இவர்.

கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் எடுத்து வைத்தார். நான் மிளகைப் பார்த்தேன். அவள் கடைக்காரரைப் பார்க்கவில்லை, பெட்டிகளையும் பார்க்கவில்லை. இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் திக்கென்றது. கம்ப்யூட்டர் விஷயத்தைக் கரைத்துக் குடித்தவள் இவள். இந்த எட்டு ஜிபி தெரியாமல் சொன்னதாக இருக்க முடியாது.

அடுத்ததாக, வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க்கும் சின்னதே போதும் என்றாள். படமெல்லாம் எங்கே சார் வைப்பீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். பழைய டிஸ்க் ஒன்று இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்றார் இவர். மிளகின் உதடு இறுகியது. பிராசஸரிலும் இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம், அதில் மிச்சமாவதைக் கார்டில் போட்டு இருப்பதிலேயே பெரியதாக வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

"சரிம்மா" என்றார்.

கடைக்காரர் பில் போட உட்கார்ந்தார்.

"இருங்கண்ணே" என்றாள் மிளகு. பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "இதுல உங்க வேலை ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இவர் விழித்தார். "தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சரி சரின்னு சொல்றீங்க?"

"உனக்குப் பிடிச்சதா இருக்கட்டுமேன்னுதான்."

"எனக்குப் பிடிச்சதை வாங்கிக் குடுத்தா நான் போகமாட்டேன்னு நினைச்சீங்களா? என்னை விலைக்கு வாங்கறீங்களா?"

கடைக்காரர் தன் கீபோர்டைக் கவனமாகத் துடைக்க ஆரம்பித்தார். என் கணவரின் முகத்தில் ரத்தம் ஏறியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வதற்குள் மிளகு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், யாருடைய ஸ்கூட்டர் மேலேயோ சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரிய மனிதரிடம் பேசுகிற பேச்சா அது என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"விருந்தாளிக்குத்தாம்மா எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுவாங்க. அரை வருஷமா நான் அந்த வீட்டுல விருந்தாளி. லைட்டைப் போட்டா சரி, ஆஃப் பண்ணா சரி, விடிய விடிய முழிச்சிருந்தா சரி. போறேன்னு சொன்னாலும் சரி. பெரியம்மா வீட்டுலயும் விருந்தாளியாத்தான் இருக்கப் போறேன், அங்க ரூமாவது பெருசு."

"நான் உன்னைத் திட்டத்தானேடி செய்யறேன்?"

"முன்னே திட்டுவே. இப்பல்லாம் நீயும் அவரைப் பார்த்து நல்லவளா மாறிட்டே."

அவள் சொன்னது உண்மை. இவளைக் கோபித்தால் இவருக்குச் சங்கடம், இவருக்குப் பரிந்தால் இவளுக்குச் சங்கடம் என்று, அரை வருடமாக நான் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு வாழ்ந்துவந்தேன்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. இவர் பாதிப் படியில் நின்றுவிட்டார். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். அவருக்குச் சொல்லிவிடலாம். ஓடிப்போய்க் காதில், அவளுக்கு வேண்டியது உங்கள் சரி இல்லை, ஒருமுறை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று ஊதிவிடலாம். கால்கூட ஓரடி எடுத்து வைத்துவிட்டது. ஆனால் சொல்லிக் கொடுத்து வருகிற வேண்டாம் யாருக்கு வேண்டும்? மிளகு அதை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்த்தேன்.

அவர் மீதிப் படியையும் இறங்கி வந்து அவளுக்கு எதிரே நின்றார்.

"நான் உன்னை விலைக்கு வாங்கறேன்னு நீ சொன்னது தப்பு" என்றார். "எனக்குக் கோபம் வந்துடுச்சு. கோபத்துல பேசிப் பழக்கமில்ல, அதான் மேலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றேன்."

மிளகு ஸ்கூட்டர் சீட்டின் கிழிசலைப் பிய்த்தாள்.

"எட்டு ஜிபி பத்தாது. முப்பத்திரண்டு வேணும். அதுக்குக் கீழ ஒண்ணு வாங்கிட்டு வந்து அது முன்னாடி என்னால உட்கார முடியாது. என் சோறு அதுல இருக்கு."

"அதை நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்றாள் அவள்.

"நேத்து எனக்குப் பயம்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான். ஆனா எட்டு முடியாது."

மிளகு ஸ்கூட்டரை விட்டு நிமிர்ந்தாள். அப்படியென்றால் பிராசஸர் என்று கேட்டாள். அதுவும் நல்லதாக வேண்டும் என்றார். கண்ணாடிப் பெட்டி? முடியவே முடியாது, நம் மேஜைக்கு மேலே அலமாரி இருக்கிறது, அந்தப் பெட்டி அலமாரியை இடிக்கும், வெள்ளிக்கிழமையே அளந்து பார்த்துவிட்டேன் என்றார். அளந்து பார்த்துவிட்டா சரி என்று சொன்னீர்கள் என்று அவள் இடுப்பில் கைவைத்தாள். கலர் விளக்கு என்றதற்கு அவர், வருடம் முழுவதும் கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டைப் பார்த்துப் பார்த்தே கண் அவிந்துபோய்விட்டது, அதைக் கம்ப்யூட்டருக்குள்ளும் மாட்டவேண்டுமா என்றார். மிளகின் வாயோரம் ஒரு இழை இளகியதை நான் பார்த்தேன்.

ஆனால் அவளும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பவர் சப்ளை சாதாரணமானது போதுமே என்று அவர் சொன்னதும் பாய்ந்தாள். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டப்பாவில் போய்க் கஞ்சத்தனம் செய்தால், அது போகும்போது தனியாகப் போகாது, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்றாள். "இது தெரியாம எத்தனை வருஷமா தொழில் பண்றீங்க, எடிட்டரே?"

அதுவரை அவள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'கேட்டீங்களா' என்றே அரை வருடத்தை ஓட்டியிருந்தாள். எடிட்டரே என்றதில் நக்கல்தான் முக்கால்வாசி. அவர் அதைக் கவனித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. பவர் சப்ளையை விட்டுக்கொடுத்துவிட்டு, ஃபேன் சத்தத்துக்குத் தாவினார். பாட்டையும் பேச்சையும் கேட்டு ஒட்டுகிற வேலையில் காதுக்குப் பக்கத்தில் புயல் அடிக்கக் கூடாது என்றார். அப்படியானால் பிராசஸரைக் குளிர வைக்கும் கூலர் பெரியதாக வேண்டும், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் வராது என்றாள் இவள். அது சரியாகப் படவே ஒத்துக்கொண்டார்.

மேலேயிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பில் போடலாமா என்று கேட்டார்.

"இருங்க" என்றார்கள் இரண்டு பேரும். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். கிராஃபிக்ஸ் கார்டுதான் பாக்கி இருந்தது. அதில் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். இருக்கிற பணத்தில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். மெமரியும் பிராசஸரும் ஏறிவிட்டதால் கார்டு நடுத்தரமாக இறங்கவேண்டும் என்றார் அவர். கார்டு எனக்கு மட்டுமா, வீடியோவை முடித்து வெளியே எடுக்கும்போது அதுதானே வேகத்தைக் கொடுக்கிறது என்றாள் அவள். அதற்கு நடுத்தரமானதே தாராளம் என்றார். உங்கள் வேலைக்குத் தாராளம், என் கேமுக்கு இல்லை என்றாள். கேமுக்காக இவ்வளவு பெரிய கார்டு எந்த வீட்டில் வாங்குகிறார்கள் என்றார். என் சிநேகிதி வீட்டில் வாங்கியிருக்கிறார்கள் என்றாள். குரல்கள் ஏறின. வண்டி எடுக்க வந்த ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"அப்ப உங்க பெரியம்மா வீட்டுக்கே போய்ப் பெரிய கார்டா வாங்கி வச்சு விளையாடிக்கோ" என்றார் அவர்.

சொன்ன நிமிடமே அவர் முகம் வெளுத்தது. வார்த்தையை விட்டால் அள்ள முடியுமா? மிளகு அவரைப் பார்த்தாள். பிறகு "ஓ" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் படியேறினாள். நாங்கள் மேலே போனபோது, கார்டில் நடுத்தரமானது, மெமரி முப்பத்திரண்டு, அலமாரியில் இடிக்காத சின்னக் கறுப்புப் பெட்டி என்று கடைக்காரரிடம் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தகராறு இல்லை. போகிற இடத்துக்கு எதற்குத் தகராறு என்று முடிவு செய்துவிட்டவள் மாதிரி இருந்தது.

வாடகைக் காரில் அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நாங்கள் இருவரும், மடி நிறைய அட்டைப் பெட்டிகள். அவர் கடை பில்லை மடித்து மடித்துப் பிரித்தார். நான் அவர் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அக்கா போன் செய்தாள், நாளைக்கு ஒன்பதுக்கெல்லாம் வந்துவிடுவேன், அவள் துணிமணியை எடுத்து வைக்கச் சொல் என்றாள். சத்தமாகப் பேசுகிறவள். காருக்குள் எல்லோருக்கும் கேட்டது.

சாப்பிட்டதாகப் பெயர் பண்ணிவிட்டு, கூடத்தில் மேஜைமேல் பழைய விரிப்பை விரித்து அவரும் மிளகும் உட்கார்ந்தார்கள். தேவைக்கு மட்டும் பேசினார்கள். மிளகு பெரிய பச்சைப் பலகையை, அதாவது மதர்போர்டை, வெளியே எடுத்தாள். பிராசஸரின் மூலையில் இருந்த தங்க முக்கோணத்தைப் பலகையில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, பஞ்சை வைப்பதுபோல் வைத்தாள். அதன் மேல் இரும்புக் கைப்பிடியை மடக்கியபோது நறநறவென்று ஒரு சத்தம் வந்தது. எனக்குப் பல் கூசியது. அது அப்படித்தான் இருக்கும் என்றாள், யாரையும் பார்க்காமல். கூலரை அவள் பூட்டினாள். மெமரித் துண்டுகள் இரண்டையும், என்னுடையதை நானே வைக்கிறேன் என்று அவர் வாங்கி வைத்தார். கார்டை அவள் செருகினாள். நூல் மாதிரி ஒயர்களை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மாட்டினார். வெயில் சன்னலைவிட்டு நகர்ந்து சுவருக்குப் போனது.

ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன்கள் சுற்றின. சத்தமே இல்லை. திரை கறுப்பாகவே இருந்தது.

காத்திருந்தோம். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. பலகையின் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அந்தப் பொட்டைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் எரிந்துபோய்விட்டதா என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். அவர் நெற்றியைத் துடைத்தார். நான்தான் ஒயரை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று முணுமுணுத்தார்.

மிளகு குனிந்து அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"மெமரி. யாரு வச்சது?"

"நான்தான்."

அவள் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஒரு பக்கம் உள்ளயே போகல. சாமந்திப்பூ வைக்கற மாதிரி வச்சிருக்கீங்க. க்ளிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும்."

அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பலகை லேசாக வளைந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார். உடைந்துவிடும் என்றார்.

"உடையாது. அழுத்துங்க."

மறுபடி விரலை வைத்தார். அழுத்தவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, அந்தப் பலகையிடம் சொல்வதுபோல் பேசினார்.

"கடை வாசல்ல நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது."

"எந்த வார்த்தை?" அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே கேட்டாள்.

"பெரியம்மா வீட்டுக்கே போன்னு."

"முன்னாடியும் அதைத்தானே சொன்னீங்க. உன் இஷ்டம்மான்னு. அதுக்கும் இதுக்கும் எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியல."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"வித்தியாசம் இல்லதான்" என்றார். "நல்ல மனுஷன் அப்படித்தான் பேசணும்னு நினைச்சேன். பெத்தவனுக்குத்தான் தடுக்கற உரிமை, நமக்கு ஏதுன்னு நினைச்சேன். உரிமை இருக்கோ இல்லையோ, நீ போகக் கூடாது. எனக்கு அது பிடிக்கல."

"அம்மா அழுவாங்கங்கறதுக்காகவா?"

"அம்மாவை விடு."

"பின்னே உங்களுக்கு என்ன?"

அவர் யோசித்தார். சட்டென்று அழகாக ஒன்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை அவர்.

"கல்யாணத்துக்கு முன்ன நான் இருந்த ரூம்ல, கதவை நானே சாத்தினாத்தான் கதவுச் சத்தம். நீ டமார்னு சாத்திட்டுப் போவியே, முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இப்ப நீ சிநேகிதி வீட்டுக்குப் போன அன்னிக்கு அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது."

மிளகு தலையைக் குனிந்துகொண்டாள். மேஜையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து உருட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன், முடி மறைத்தது.

"இனிமே சாத்தினா திட்டுவீங்களா?" என்றாள்.

"திட்டுவேன். கீல் ஏற்கெனவே ஆட்டம் காணுது."

"எட்டு மணிக்கு மேல கேம் விளையாடினா?"

"ஹெட்போன் போடச் சொல்லுவேன். எனக்கு அர்ஜென்ட் வேலை இருந்தா எழுந்திருக்கச் சொல்லுவேன்."

"எழுந்திருக்க மாட்டேன்."

"ஒயரைப் பிடுங்குவேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனாலும் முறைத்தாள். "பிடுங்கித்தான் பாருங்களேன், எடிட்டரே. முதல்ல மெமரியை அழுத்துங்க. ரெண்டு கையாலயும்."

அவர் இரண்டு கட்டைவிரலையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பலகை வளைந்தது. க்ளிக் என்றது. அடுத்ததும் க்ளிக் என்றது. அவள் கரண்டைக் கொடுத்து ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. சிவப்புப் பொட்டு எரிந்தது, யோசித்தது, அணைந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக வந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். முப்பத்திரண்டு என்று காட்டுகிறது பாருங்கள் என்று அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அப்புறம் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, பெரியம்மாவைத் தானே கூப்பிட்டாள். நாளைக்கு வாங்க பெரியம்மா, ஆனால் நான் வரவில்லை, இங்கேயே படிக்கப் போகிறேன் என்றாள். அந்தப் பக்கத்தில் நிறையக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்ல பெரியம்மா', 'ஆமா பெரியம்மா' என்று பதில் சொன்னாள். கடைசியில், "இங்க ஒருத்தர் விடமாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டாள்.

அக்கா என்னிடம் கொட்டித் தீர்த்தாள். கார் பின்சீட்டைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம், அறைக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிவிட்டாளாம். சின்னப் பெண் ஏதோ ஒரு வேகத்தில் சொல்கிறாள், நீயாவது எடுத்துச் சொல், நாளைக்கு நான் வந்து கேட்டால் கிளம்பிவிடுவாள் என்றாள்.

நான் எப்போதும் அக்காவிடம் சரிக்கா என்று சொல்கிறவள்தான்.

"அவ போகலைன்னு சொன்னது இருக்கட்டும்க்கா" என்றேன். "வர்றேன்னு சொல்லியிருந்தாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். என் பொண்ணு என்கூடத்தான் இருப்பா. நீ வந்து சாப்பிட்டுட்டுப் போ."

மேஜைப் பக்கமிருந்து மிளகின் குரல் வந்தது.

"இதை நீ முன்னாடியே சொல்லியிருந்தா, அந்த எட்டு ஜிபியைப் பேச்சுக்கே எடுத்திருக்க மாட்டேன்."

"என்னது, நீ சோதனை பண்ணினியா?" என்றார் அவர்.

"பின்னே? எட்டு ஜிபியில யாராவது எடிட்டிங் பண்ணுவாங்களா?" என்றாள் அவள். "நகருங்க, எடிட்டரே. அந்த நாற்காலி என்னுது."

"முடியாது" என்றார் அவர்.